இல்லாத பிழைக்கு எவர் சாட்சி?

தையற்காரர் தம் திறமைக்குச் சான்று காட்ட விரும்பினால், தைத்த சட்டையை எடுத்து விரித்துக் காட்டலாம். திருமண வீட்டுப் பண்டாரி தேக்சாவின் மூடியைத் திறந்தாலே போதும். மணம் தெருமுனை வரை சென்று சாட்சி சொல்லிவிடும். தச்சருக்கு நாற்காலி உண்டு. கொத்தனாருக்குச் சுவர் உண்டு. அச்சுப் பிழை திருத்துபவன் எதைக் காட்டுவான்? அவன் வேலை செவ்வையாக முடிந்திருக்குமாயின், அந்தப் பக்கத்தில் காண்பதற்கு ஒன்றுமே இராது. வாசகர் தடையின்றிப் படித்துச் செல்வார். ஒரே ஒரு பிழை தப்பியிருந்தால் மட்டும் 'இதை எவன் பார்த்தான்?' என்று கேட்பார். பிழை திருத்துபவனை உலகம் நினைக்கும் ஒரே வேளை அவன் தவறிய வேளைதான்.

இந்த உண்மை நமக்கு முகத்தில் அறைந்தாற்போல் விளங்கியது 2020ஆம் ஆண்டில்.

1996இல் சென்னை இராயப்பேட்டையில் இருந்த அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தோம். ஈய எழுத்துகளின் கடைசிக் காலம் அது. முன்னறையில் கணிப்பொறி வந்து அமர்ந்துவிட்டது. பின்னறையில் எழுத்துப் பெட்டிகள் தூசு படிந்து கிடந்தன. நாவல்கள், பள்ளிக் கையேடுகள், அரபுச் சொற்கள் விரவிய மார்க்க நூல்கள், நிக்காஹ் அழைப்பிதழ்கள், கடைகளின் நாட்காட்டிகள் என்று 24 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. 2020 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அன்று பூட்டிய அச்சகம் பிறகு திறக்கப்படவே இல்லை. நமக்கோ ஐம்பது வயது கடந்துவிட்டது. இளைய மகளின் படிப்பும் முடிந்தபாடில்லை.

மூத்த மகள்தான் வழி சொன்னாள். 'வாப்பா, இனி ஒருவரிடம் சம்பளத்துக்குப் போய் நிற்க வேண்டாம். எழுதுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வீட்டிலிருந்தே திருத்திக் கொடுங்கள். ஆனால், முதலில் நாலு பேரிடம் நற்சான்று வாங்கி வையுங்கள். முன்பின் அறியாதவர் உங்களை எதைக் கொண்டு நம்புவார்?'

நியாயமான கேள்வி. நற்சான்றுக்கென்ன பஞ்சம் என்றே நாமும் எண்ணினோம். நம் கையால் திருத்தப்பட்ட நூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்குமே! அலமாரியில் இருந்தவற்றை எடுத்து முன்னுரைகளைப் புரட்டினோம். அச்சக உரிமையாளருக்கு நன்றி; அட்டை ஓவியருக்கு நன்றி; கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சுச் செய்த மைத்துனிக்கு நன்றி. நம் பெயர் மூன்று நூல்களில் இருந்தது. அவற்றுள் ஒன்றில் அப்பெயரே பிழையாக அச்சாகியிருந்தது. அதைத் திருத்த நாம் ஏன் தவறினோம் என்பது இன்றுவரை நமக்கே விளங்கவில்லை.

எழுத்தாளர்கள் அச்சகத்தை அறிந்திருந்தார்களேயன்றி நம்மை அறிந்திருக்கவில்லை. ஆகவே, நம்மை அறிந்தவர்களிடம் சென்றோம். முதலிற் கிடைத்தவர் மச்சான். மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். நம்மீது உயிரையே வைத்திருப்பவர். கேட்ட மாத்திரத்தில், கடையின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் நமக்கு இணையான பிழை திருத்துநர் இதுவரை பிறக்கவில்லை. இனிப் பிறப்பதும் ஐயமே என்பது அதன் சாரம். நாம் திருத்திய ஒரு வரியையேனும் மச்சான் படித்தவர் அல்லர். அவர் படிப்பது பேரேடு ஒன்றுதான். ஆயினும் அந்தக் கடிதத்தையும், அதைப் போன்றே அண்டை வீட்டு மருத்துவரிடம் பெற்ற இன்னொன்றையும் சேர்த்து, அறிமுகத் தாள் ஒன்றை 500 படிகள் அச்சிட்டோம்.

2021இல் சென்னைப் புத்தகக் காட்சி, நோய்த் தொற்றின் காரணமாக ஜனவரியில் நடவாமல் பிப்ரவரி இறுதியில்தான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கியது. தாள்களைக் கைப்பையில் திணித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம். பெரும்பாலோர் வாங்கி மேசை இழுப்பறையில் இட்டனர். முதிய பதிப்பாளர் ஒருவர் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு, 'இரும்பு வியாபாரிக்கும் டாக்டருக்கும் ஒற்று மிகும் இடம் தெரியும் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே, பாய்' என்றார். கேலிதான். ஆனால் அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் நம் நினைவுக்கு வந்தது, கலீபா உமர் (ரலி) அவர்களைக் குறித்து அறிஞர்கள் எடுத்தெழுதும் நிகழ்ச்சி. ஒருவருக்காகச் சாட்சி கூற மற்றொருவர் வந்தாராம். 'அவருடைய வரவும் போக்கும் அறிந்த அண்டை வீட்டுக்காரரா நீர்?' என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்றார் வந்தவர். 'பொன்னும் வெள்ளியும் கைமாறும் கொடுக்கல் வாங்கலில் அவரோடு பழகியிருக்கிறீரா?' இல்லை. 'அவரோடு பயணம் சென்றிருக்கிறீரா?' அதுவும் இல்லை. அப்படியானால் அவரை நீர் அறியமாட்டீர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிவாசலில் தலை குனிவதையும் நிமிர்வதையும் பார்த்திருப்பீர் போலும் என்றும் சொன்னார்களாம். சிறு வயதில் ஹஜ்ரத் அவர்களின் வாயால் நாம் கேட்ட செய்தி இது. கேட்டபோது நன்னடத்தை பற்றிய பாடம் என்றுதான் எண்ணினோம். இது தொழில் பாடமும் ஆகும் என்பது நந்தனத்தில்தான் உறைத்தது. நம்மோடு கொடுக்கல் வாங்கலில் இறங்காதவரின் புகழுரை அன்புரையாக இருக்கலாம், சான்று ஆகாது.

தமிழிலக்கணமும் இதில் கறாராகவே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் இன்னார் என்று வரையறுக்கிறார். நூலாசிரியனின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், அந்நூலுக்கு உரை எழுதியவர் ஆகிய நால்வர். நால்வருமே ஆளையோ நூலையோ அருகிருந்து அறிந்தவர்கள். அந்தப் பட்டியலில் மச்சானுக்கு இடமில்லை. பிற்காலத்தில் சாற்றுகவிகள் பெருகின. 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய தமிழ் நூல்களை, நம் புலவர் பெருமக்களின் நூல்கள் உட்பட, எடுத்துப் பார்த்தால் முன்பக்கங்கள் சாற்றுகவிகளால் நிறைந்திருக்கும். சமய வேறுபாடு பாராமல் ஒருவர் நூலை மற்றவர் வாழ்த்திய அந்தப் பண்பு போற்றத்தக்கது. எனினும், பாடியவர் அனைவரும் நூலை முழுதும் படித்துத்தான் பாடினார்களா என்ற ஐயம், 24 ஆண்டுகள் முன்னுரைகளைத் திருத்திய நமக்கு எழாமல் இல்லை.

இரண்டாம் முயற்சியில் இன்னொரு படுகுழி காத்திருந்தது. நம் திருத்தத்தை நேரில் கண்ட எழுத்தாளர் ஒருவரை அணுகினோம். பல நூல்கள் எழுதியவர், பெயர் வேண்டா. மிக்க மகிழ்ச்சியோடு இசைந்தார். ஒரு மாதம் சென்றது. இரண்டு மாதம் சென்றது. மூன்றாம் முறை நினைவூட்டியபோது, 'எனக்கு நேரமில்லை. நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்' என்றார்.

பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதை அறிவோம். உட்கார்ந்து எழுதியும் பார்த்தோம். முதல் வரைவில் நம்மைக் 'கடமை உணர்வு மிக்கவர்' என்று குறிப்பிட்டோம். இரண்டாவதில் 'ஈடு இணையற்ற' என்பது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் வரைவு மச்சானின் கடிதத்தை எட்டிப் பிடிக்கும் தொலைவில் இருந்தது. முகத்துக்கு எதிரே ஒருவரை அளவு கடந்து புகழ்ந்தவரிடம், உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டதும், புகழ்ந்தே ஆக வேண்டுமென்றால் 'நான் இவரை இவ்வாறு கருதுகிறேன்' என்ற அளவில் நிறுத்தச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. பிறர் புகழ்வதற்கே இந்த எச்சரிக்கை என்றால், பிறர் பெயரில் நம்மை நாமே புகழ்ந்துகொள்வதை என்னென்பது? பவணந்தியாரும் தற்புகழ்ச்சி தகாது என்றுதான் சொல்கிறார். சொல்லிவிட்டு, தன் ஆற்றலை அறியாதவர்களிடத்தில் நிற்கும் புலவனுக்கு அது தகும் என்று விலக்கும் தருகிறார். ஆனால் அந்த விலக்கு, தன் வாயால் தன் பெயரில் சொல்லிக்கொள்பவனுக்கு மட்டுமே. இரவல் வாயால் சொல்லிக்கொள்பவனுக்கு அவர் இடம் தரவில்லை.

இரவல் சான்றுகள் புதியனவும் அல்ல. கம்பெனி ஆட்சிக் காலத்தில் துரைமார் வீடுகளில் வேலை தேடிய பட்லர்களும் சமையற்காரர்களும், பழைய எசமானர்கள் கொடுத்த கடிதங்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் காட்டுவர். 'சிட்டி' என்னும் இந்திய மொழிச் சொல்லே ஆங்கிலத்தில் 'சிட்' ஆகி அக்கடிதங்களுக்கும் பெயராயிற்று. ஒருவர் பெற்ற சிட்டை இன்னொருவர் வாங்கிக் காட்டுவதும் நடந்தது. இது நம் நாட்டாரின் தனிக் குணம் என்று எண்ணிவிட வேண்டா. இதே நோய் முற்றியிருந்தபடியால்தான், வேலைக்காரருக்குப் பொய்ச் சான்று தருபவருக்கும் கள்ளச் சான்று காட்டுபவருக்கும் 20 பவுன் தண்டம் விதித்துப் பிரிட்டனில் 1792இல் ஒரு சட்டமே இயற்றினார்கள்.

ஐந்து வரைவுகளையும் கிழித்துப் போட்டோம். அந்த எழுத்தாளருக்கு ஒரு தாள் அனுப்பினோம். அதில் நூலின் பெயர், பக்க எண்ணிக்கை, எத்தனை மெய்ப்புகள் பார்த்தோம், எத்தனை நாளாயிற்று என்பவற்றை மட்டும் எழுதி, கீழே அவர் கருத்துக்கென்று வெற்றிடம் விட்டிருந்தோம். அந்த வெற்றிடத்தை அவர் நிரப்பவே இல்லை. அதுவும் ஒருவகைச் சான்றுதான் என்று மகள் சொன்னாள்.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி.

2021இன் பிற்பாதியில், தெரிந்த குடும்பத்தின் வாயிலாக ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரில் பிறந்து, சென்னையில் 30 ஆண்டுகளுக்கு மேல் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். தம் உம்மாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பள்ளிக்கூட நோட்டுகள் ஆறில் எழுதி வைத்திருந்தார்கள். ராத்தா என்றே நாம் அழைத்தோம். தொழிலுக்கு ஒரு நல்ல சான்று கிடைத்தால் போதும் என்ற நினைப்பில், கூலி வேண்டா என்றோம். அவர்கள் ஒப்பவில்லை. 'கூலி வாங்காதவரிடம் நான் எப்படிக் குறை சொல்வது, தம்பி?' என்று கேட்டார்கள். முடிவில் பாதிக் கூலி என்று பேசினோம்.

இதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர், முதல் நாலு பேருக்குச் சும்மா செய்து கொடுத்து நற்பெயர் வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். மருதாணி இடுபவரும் செய்கிறார்; கணக்கெழுதும் இளைஞரும் செய்கிறார். சும்மா பெற்றவர் நன்றிதான் சொல்வார். வேலையை எடைபோட்டுப் பார்க்க அவருக்கு வாய் வராது. கூலியைக் குறைக்கலாம், குறைத்ததற்கு ஈடாகப் புகழ வேண்டும் என்று மட்டும் பேசக் கூடாது.

அச்சில் 212 பக்கம் வந்த அந்த நூலை இரண்டு மாதம் திருத்தினோம். நூல் வெளிவந்த வாரமே ராத்தா கடிதம் ஒன்று கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் இசைவோடு அதை இங்கே எடுத்தெழுதுகிறோம்:

'இவர் திருத்திய பக்கங்களைப் புரட்டிச் சிவப்புக் குறிகளை எண்ணினேன், 1,140. அவற்றுள் 1,103 என் தவறு. மீதி 37 இடங்களில் தவறு இவருடையது. என் உம்மாவின் பேச்சை மாற்றிவிட்டார். எடுத்துச் சொன்ன அன்றே ஒப்புக்கொண்டு, எல்லாப் பக்கங்களையும் மறுபடி படித்து, 37 இடங்களையும் பழையபடி வைத்துக் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. பேசிய நாளுக்கு 9 நாள் பிந்தியது.'

அந்த 37 இடங்கள் எவை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ராத்தாவின் உம்மா ஆணம் காய்ச்சினார்கள். நாம் குழம்பு வைக்கச் செய்தோம். காலையில் எல்லாரும் பசியாறினார்கள். நாம் காலை உணவு உண்ண வைத்தோம். ராத்தாமாரை அக்காள்மார் ஆக்கினோம். எல்லாருக்கும் விளங்கும் தமிழாக ஆக்கிவிடு என்று 24 ஆண்டுகள் பழகிய கை அப்படிச் செய்தது. நம் உம்மா வாழ்நாளெல்லாம் ஆணம் என்றே சொன்னவர்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நாமே சிவப்பு மையால் அதை அடித்தோம்.

தவறு அதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இராது. 2022 பிப்ரவரிப் புத்தகக் காட்சிக்குப் புதிய அறிமுகத் தாள் அடித்தபோது, ராத்தாவின் கடிதத்தில் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போட்டோம். 'இவர் திருத்திய பக்கங்களைப் புரட்டிச் சிவப்புக் குறிகளை எண்ணினேன்; 1,140.' கீழே ராத்தாவின் பெயர். ஓய்வு பெற்ற ஆசிரியை என்ற குறிப்பு. எழுதாத எதையும் நாம் சேர்க்கவில்லை. எழுத்துக்கு எழுத்து அவர்கள் சொன்னதுதான் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். இடம் போதாது என்றும் ஒரு காரணம் வைத்திருந்தோம். உண்மையில் தாளின் அடியில் நாலு விரற்கடை இடம் வெறுமையாகவே கிடந்தது.

புத்தகக் காட்சிக்குப் போன பேரப் பிள்ளை அந்தத் தாளை ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். மறுநாள் லுஹர் தொழுகை முடிந்து வந்தபோது தொலைபேசி அழைத்தது. சலாம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்கள். 'தம்பி, 1,140 இருக்கிறது. கழித்த 37 எங்கே?'

நாம் ஏதோ சொல்லத் தொடங்கினோம்; தொண்டை அடைத்தது.

'பிள்ளைகள் பரீட்சையில் இப்படித்தான் செய்வார்கள். வழியில் வருகிற தொகையை எழுதி விடை என்று கோடு போட்டுவிடுவார்கள். நான் மார்க் போடமாட்டேன்' என்றார்கள். சற்றுப் பொறுத்து, 'நான் சாட்சி சொன்னேன். பாதியில் என் வாயைப் பொத்திவிட்டீர்களே, தம்பி' என்றார்கள்.

சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று குர்ஆன் கூறுவது, கடன் கொடுக்கல் வாங்கலைப் பேசும் இடத்தில் வருகிறது. அதை ஓதும்போதெல்லாம், அது சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் பற்றியது என்றே எண்ணி வந்தோம். சாட்சி முழுதும் சொன்ன பின், வாங்கி வைத்துக்கொண்டவன் மறைக்கலாமா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

மீதமிருந்த தாள்களைக் கட்டி எடைக்குப் போட்டோம். கடிதம் முழுவதையும் போட்டு மறுபடி 500 அடித்தோம். வருமானம் சரிவர இல்லாத அந்நாளில் அச்சுக் கூலி பெருஞ் செலவுதான். 'குறையையும் விளம்பரப்படுத்துகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்' என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். பதிப்பாளர் இருவர் 37 என்ற எண்ணைக் கண்டதும் பின்வாங்கினர். அவர்களில் ஒருவர் '9 நாள் பிந்தும் என்பதை நீங்களே அச்சடித்து வைத்திருக்கிறீர்களே' என்றும் கேட்டார். அவரை நாம் குறை சொல்ல முடியாது. மாறாக, கடலோர ஊர்ப் பேச்சில் கதை எழுதும் இளைஞர் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்தே நம்மைத் தேடி வந்தார். 'நீங்கள் பட வேண்டியதை வேறொருவர் புத்தகத்தில் பட்டுவிட்டீர்கள்; என் புத்தகம் தப்பியது' என்றார். அவரால் வேறு இருவர் வந்தனர். அல்ஹம்துலில்லாஹ், 2023இல் இளைய மகளின் கடைசிப் பருவக் கட்டணத்தை இந்தக் கூலியிலிருந்தே கட்டினோம்.

அதன்பின் சான்று கேட்கும் முறையையே மாற்றிக்கொண்டோம். 'நம்மைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள்' என்று கேட்டால் 'மிக நன்று' என்ற ஐந்தெழுத்துதான் வருகிறது. அதற்கு மாறாக, 'வேலையைக் கொடுக்கும்போது எதற்கு அஞ்சினீர்கள்? பிறகு என்ன நடந்தது? உங்கள் தம்பி கேட்டால் எம்மிடம் கொடுக்கச் சொல்வீர்களா, எதை எச்சரித்துச் சொல்வீர்கள்?' என்று கேட்கிறோம். கடைசிக் கேள்விக்கு வரும் விடைதான் பெரும்பாலும் உருப்படியாக இருக்கிறது. நூல் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். ஆறு மாதம் சென்றால் நல்லதும் மறந்துபோகும்; கெட்டதும் மறந்துபோகும். பெயர் போடலாமா என்று தனியே கேட்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் தம் ஏட்டை இன்னொருவர் திருத்தினார் என்பது வெளியே தெரிவதை விரும்பமாட்டார்கள். அத்தகையோரின் பெயரையும் பாராட்டையும் நாம் சேர்த்தே விட்டுவிட்டோம். ஊர் பேர் இல்லாத 'ஒரு மாணவர்' சொன்னதாகப் போட்டால் எவர் நம்புவார்?

2022 ஜூன் மாதத்தில் மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரங்களுக்கு நெறிமுறை வெளியிட்டபோது, ஒரு பொருளையோ பணியையோ பரிந்துரைப்பவரின் சொல் அவருடைய உண்மையான கருத்தாகவும், போதிய தகவலையோ அனுபவத்தையோ கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்றது. விற்பவருக்கும் அவருக்கும் நம்பகத்தைப் பாதிக்கக்கூடிய உறவு இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும் என்றது. செய்தித்தாளில் இதைப் படித்ததும் மச்சானுக்குப் படித்துக் காட்டினோம். 'உறவை நான் மறைக்கவில்லையே. யாரும் கேட்கவில்லை' என்றார்.

சான்று கேட்பவனாக இருந்த நாம் கொடுப்பவனாகவும் ஆனோம். அட்டை வடிவமைக்கும் தம்பி ஒருவர் தனியே தொழில் தொடங்கிச் சான்று கேட்டார். கைத்திறன் மிக்கவர். எழுத்துருத் தேர்வில் அவரைப் போல் இன்னொருவரை நாம் கண்டதில்லை என்றும், நமக்குச் செய்த நான்கு அட்டைகளில் இரண்டு பிந்தின என்றும் எழுதிக் கொடுத்தோம். பிந்திய செய்தியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் மற்றதும் நிற்காதே என்றோம். கடிதத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சில மாதம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. இன்றும் அந்த உறவு பழைய நிலைக்கு வரவில்லை. நாம் செய்தது சரிதானா, தொடங்கும் பிள்ளைக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுத்திருக்கலாமா என்று அவ்வப்போது மனம் அரிக்கிறது. ராத்தாவிடம் கேட்டோம். 'இரண்டு பிந்தின என்று எழுதினீர்கள். இரண்டு பிந்தவில்லை என்று எழுதினீர்களா?' என்று கேட்டார்கள். எழுதவில்லை.

ராத்தா 2024இல் மவுத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக.

அதே ஆண்டின் இறுதியில், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் தம் கையெழுத்துப் பிரதியோடு திருவல்லிக்கேணியில் நம் வீட்டுக்கு வந்தார். அறிமுகத் தாளைக் காட்டி, 'இந்த அம்மையாரிடம் பேசலாமா?' என்றார். காலமாகிவிட்டார்கள் என்றோம். 'அப்படியானால் மூலக் கடிதத்தையாவது காட்டுங்கள்' என்றார். கேட்கத் தக்கதைத்தான் கேட்டார். கோப்பைத் திறந்து கொடுத்தோம். கோடிட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். அவர்களின் சாய்வான கையெழுத்து. தாளையும் கடிதத்தையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். முதல் வரியில் விரல் நின்றது.

'இங்கே திருத்தியப் பக்கங்களை என்று இருக்கிறது. அச்சில் ஒற்று இல்லையே?'

'பெயரெச்சத்தின் பின் ஒற்று மிகாது. அச்சிடும்போது அவர்களிடம் கேட்டு எடுத்தோம். அதை எடுக்கலாம், ஆணத்தை மட்டும் தொடாதீர்கள் என்றார்கள்.'

'கடிதத்தில் திருத்தவில்லையே?'

'அது அவர்களுடைய கடிதம்' என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து பிரதியை எடுத்து மேசைமேல் வைத்தார். 340 பக்கம். எத்தனை நாளாகும் என்று கேட்டார். ராத்தாவின் கடைசி வரியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, முன்பு சொல்லியிருக்கக் கூடியதைவிட இரண்டு வாரம் கூட்டிச் சொன்னோம்.